அட்ரீனல்ல லிம்போமா சந்தேகமா: பெட் ஸ்கேனா, எஃப்என்ஏசியா, கோர் பயாப்சியா, ஆபரேஷனா?

ரெண்டு அட்ரீனலும் (சிறுநீரகத்துக்கு மேல உக்காந்திருக்கற ஹார்மோன் சுரப்பி) பெருசா இருக்குன்னு சிடி ரிப்போர்ட் வந்ததும் எல்லாரும் முதல்ல கேக்குறது பெட் ஸ்கேன் (கதிரியக்கம் சேத்த சர்க்கரையை எந்த இடம் அதிகம் உறிஞ்சுதுன்னு காட்டறது) எடுத்துடலாமான்னு தான். எடுக்கலாம், ஆனா அது நோய்க்கு பேர் சொல்லாது. லிம்போமா, அதாவது நிணநீர் செல்லுல வர்ற புத்துநோய், அட்ரீனல்லயே ஆரம்பிக்கிறது ரொம்ப அபூர்வம், லிம்போமாவோட பெரிய பிரிவான நான் ஹாட்ஜ்கின் லிம்போமா மொத்தத்துல 1 சதவீதம் கூட இல்ல, வந்தா பெரும்பாலும் வயசான ஆம்பளைங்களுக்கு, அதுவும் ரெண்டு பக்கமும். காய்ச்சல், எடை குறையறது, விலாவுக்கு கீழ வலி, எழுந்து நடக்க முடியாத அசதி, இதெல்லாம் அட்ரீனல் டிபிலயும் இருக்கும், ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ்ங்கிற பூஞ்சை தொற்றுலயும் இருக்கும், பெட் ஸ்கேன்ல அந்த ரெண்டும் கூட லிம்போமா மாதிரியே பளிச்சுன்னு எரியும். நம்ம நாட்டுல இந்த தொற்றுகள் சின்ன விஷயமில்ல.

சாயம் ஏத்தாத சாதா சிடில கால்சியம் படிஞ்சிருந்தா தொற்று பக்கம் யோசிக்கலாம், அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு (சிடில அடர்த்தியை அளக்கற யூனிட்) கீழ இருந்தா பெரும்பாலும் கொழுப்பு நிறைஞ்ச, புத்துநோய் இல்லாத அடினோமா கட்டி, அவ்ளோதான். பெட் ஜெயிக்கிறது நோய் வேற எங்கெல்லாம் இருக்குன்னு பாக்கறதுல. அதுலயும் மூளை தானே சர்க்கரையை உறிஞ்சி எரியறதால அங்க இருக்கறது மறைஞ்சு போகலாம், இந்த லிம்போமாக்கோ மூளைக்கு போற பழக்கம் ஜாஸ்தி, அதனால எம்ஆர்ஐ தனியா வேணும்.

எஃப்என்ஏசி மெல்லிசு ஊசி, செல்லை மட்டும் உறிஞ்சும். லிம்போமா மாதிரி இருக்குன்னு எழுதுவாங்க, எந்த வகைன்னு சொல்ல பெரும்பாலும் பத்தாது, திரும்ப குத்தணும். கோர் பயாப்சில திசு துண்டாவே வரும், அதுல இம்யூனோ ஸ்டெயின் (செல் எந்த வகைன்னு காட்டற சாய டெஸ்ட்) எல்லாம் போட்டு டிஃப்யூஸ் லார்ஜ் பி செல்ங்கிற லிம்போமா வகையான்னு பாக்கலாம் (இங்க அதிகம் வர்றது அதுதான்), ஒரு துண்டை ஜீன்எக்ஸ்பர்ட்ங்கிற டிபி கிருமி டெஸ்ட்டுக்கும் பூஞ்சை ஸ்டெயினுக்கும் அனுப்பலாம். ரத்தக்கசிவு, நுரையீரல்ல காத்து கசியற ரிஸ்க் கொஞ்சம் இருக்கு, இருந்தாலும் என் ஓட்டு இதுக்கு தான்.

ஆபரேஷன்? ஒரு பக்கம் மட்டும் பெரிய கட்டி, ஹார்மோன் சுரக்குது, அட்ரீனல் கார்சினோமான்னு (அட்ரீனலோட சொந்த புத்துநோய்) சந்தேகம்னா ஊசி போடாம நேரா எடுக்கறது சரி. லிம்போமாக்கு எடுத்து பிரயோஜனமில்ல, வைத்தியம் ஆர்-சாப்ங்கிற பல மருந்து சேந்த கீமோ தான், ரெண்டையும் எடுத்துட்டா ஆயுசுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை.

எந்த ஊசியா இருந்தாலும் அதுக்கு முன்னாடி மெட்டாநெஃப்ரின் டெஸ்ட் வந்தாகணும், அந்த டெஸ்ட் கண்டுபிடிக்கற ஃபியோகுரோமோசைட்டோமாவை (அட்ரினலின் மாதிரி ஹார்மோனை கொட்டற அட்ரீனல் கட்டி) தெரியாம குத்தினா பிபி எகிறி உயிருக்கே ஆபத்து. காலை 8 மணிக்கு ரத்தத்துல கார்டிசோலும் (அட்ரீனல் சுரக்கற ஸ்டீராய்டு ஹார்மோன்) பாருங்க, ரெண்டு பக்கமும் பாதிச்சா அது விழுந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அப்படி பிபி இறங்கி கிடக்கறவருக்கு அதுக்கு பதிலா ஹைட்ரோகார்ட்டிசோன் உடனே போட்டே ஆகணும், பயாப்சிக்காக காத்திருக்க கூடாது. ஆனா காய்ச்சலுக்கும் வலிக்கும்னு சும்மா டெக்ஸாவை (டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு) அள்ளி போட்டா லிம்போமா கரைஞ்சு போய் ஊசில செத்த திசு தான் வரும்.