வெள்ளரிக்குத் தரையா, வலையா, பையா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் லயத்து வீட்டுப் பின்கட்டில் வெள்ளரி போடுகிறவர்களுக்கும் தாமான் (குடியிருப்பு) வேலியோரத்தில் போடுகிறவர்களுக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. கொடியைத் தரையில் ஓடவிடுவதா, வலை கட்டி ஏற்றுவதா, பாலி பேக்கில் வளர்ப்பதா?

தரைதான் சுலபம். குழி, விதை, அவ்வளவுதான். மழை குறைந்த மாதங்களில் காய்க்கவும் செய்யும். அக்டோபர், நவம்பர் மழை பிடித்தால்தான் வம்பு. சாயங்காலம் நனைந்த இலை ராத்திரி முழுக்கக் காயாது. சில நாளில் இலையின் மேலே மஞ்சள் திட்டு தெரியும். வட்டமாக இருக்காது, நரம்புக்கு நரம்பு கத்தரித்து ஒட்டியதுபோலக் கோணலாக இருக்கும். இலையைத் திருப்பினால் அதே இடத்தில் சாம்பல் நிறப் படலம். அடிச்சாம்பல் நோய் இதுதான். பரவ ஆரம்பித்தால் கொடியே கருகிப்போகும். மண்ணில் படுத்த காய் அழுகுவது தனி.

வலைக்கு இரண்டு கம்பு, ஒரு நைலான் வலை, ஆறடி உயரம் போதும். செடிக்குச் செடி ஒன்றரை அடி விட்டு, மண்ணை ஒரு சாண் உயர்த்தி வரப்பாக்கி நடலாம். காற்று ஊடே போவதால் இலை சீக்கிரம் காய்கிறது. காய் தொங்கி நேராக வளர்கிறது, கண்ணிலும் படுகிறது. கண்ணில் படுவது சின்ன விஷயமில்லை. இலைக்கடியில் மறைந்து ஒரு காய் முற்றிப் பழுத்தாலே கொடி புதுக் காய் பிடிப்பதைக் குறைத்துவிடும். பழ ஈ குத்தாமல் பிஞ்சுக்குத் தாள் சுற்றவும் வலைதான் வசதி. தரையில் குனிந்து யார் சுற்றுவது?

அப்புறம் பை. சிமெண்ட் முற்றம் மட்டும்தான் என்றால் வேறு வழியில்லை. மண்ணிலிருந்து வரும் வாடல் நோயும் வேர்ப்புழுவும் முன்பு தொல்லை தந்த இடத்திலும், புது மண் கலந்த பைதான் நல்லது. ஆனால் விடியலில் செம்பனைக் குலை வெட்டப் போய் மத்தியானம் திரும்புகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். வெள்ளரி இலை பெரிது, பையில் உள்ள மண்ணோ கொஞ்சம். காலையில் ஊற்றிய தண்ணீர் உச்சிவெயிலில் தீர்ந்து, கொடி துவண்டுவிடும். இப்படி அடிக்கடி காய்ந்தால் காய் கசக்கும். பெரிய பையாகப் பார்த்து இரண்டு வேளை ஊற்ற வீட்டில் ஆள் இருந்தால் சரி. இன்னொன்று, பையில் வைத்தாலும் கொடி ஏற வலை கட்டித்தான் ஆகவேண்டும். ஆக, வலைக்குப் போட்டி பை இல்லை. வலைக்கடியில் வேர் நிற்பது நிலத்திலா, பையிலா என்பதுதான் கேள்வி. மண் இருந்தால் என் ஓட்டு நிலத்துக்கு.

நிலம் என்றால் இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் புளிப்பு அதிகம். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே டோலமைட் சுண்ணாம்பு தூவிக் கிளறிவிடவேண்டும். கோழி எரு மக்கியதாக இருக்கட்டும். பச்சையாகப் போட்டால் வேர் வெந்துபோகும். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும், காய் வராது.

விதையில் நாட்டுத் தீமுனா (மலாயில் தீமுன் என்றால் வெள்ளரி), ஜப்பான் வகையா? ஜப்பான் வகைகளில் பல தேனீ வராமலே காய் பிடிக்கும். வாங்கும்போது உறையில் அப்படிப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாட்டு வகைக்குத் தேனீ வேண்டும், அதனால் காலையில் மருந்து அடிக்கக்கூடாது. முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. அது உதிர்வதைப் பார்த்து, “பூவெல்லாம் கொட்டுதே அக்கா” என்று பக்கத்து வீட்டில் கேட்கத் தேவையில்லை. அடியில் குட்டி வெள்ளரி போல ஒட்டிக்கொண்டிருப்பது பெண் பூ. தேனீ வரத்து குறைவாக இருந்தால், ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டு அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவலாம். பூ அன்று காலை மலர்ந்ததாக இருக்கவேண்டும்.