குன்னூர் அலங்கார மீன் கடையில் ஓடை அயிரை

குன்னூர்ச் சந்தைப் பகுதியிலுள்ள சிறிய அலங்கார மீன் கடை ஒன்றில், வியட்நாமின் மலையோடைகளுக்கு உரிய செவெல்லியா லீனியோலாட்டா என்னும் தட்டை அயிரை விற்பனைக்குக் கிடைக்கிறது. ஏறத்தாழ 6 செ.மீ. வரை வளரும் இம்மீன், அகன்று விரிந்த துடுப்புகளையும் தட்டையான வயிற்றையும் கொண்டு, பாய்ந்தோடும் நீரிலும் வழுக்காமல் கற்களில் ஒட்டிக்கொண்டு, அவற்றின் மேல் படரும் பாசியையும் நுண்ணுயிர்களையும் சுரண்டித் தின்று வாழ்கிறது. ஆகவே வேகமான நீரோட்டமும், மிகுந்த உயிர்வளியும், 20 முதல் 24 டிகிரி வரையிலான வெப்பமும் இதற்கு இன்றியமையாதவை. சமவெளியின் கோடையில் குளிரூட்டி இன்றி வளர்ப்பதற்குக் கடினமான இம்மீனுக்கு நம் மலையின் தட்பவெப்பம் பெரிதும் பொருந்துகிறது.

நீரோட்டத்திற்கெனத் தனி பம்பு பொருத்திய, பாசி படிந்த கூழாங்கற்கள் நிறைந்த தொட்டியில் கடைக்காரர் இவற்றை வைத்திருப்பதும், புதிதாக அமைத்த தொட்டிக்கு விற்க மறுப்பதும் மனமாரப் பாராட்டத்தக்கவை. விலை சற்று அதிகம்; பொதிந்து தரும் முறை நன்று. எனினும், 'கண்ணாடியைச் சுத்தம் செய்யும் மீன்' என்ற அட்டையை அவர் அகற்றியே ஆக வேண்டும், ஏனெனில் அதை நம்பி வாங்குவோர் வேறு உணவு இடாமல் இம்மீனைப் பட்டினியில் வாடவிட்டுவிடுவர். இதன் தூரத்து உறவான, 1849ஆம் ஆண்டு இயற்கையியலாளர் ஜெர்டன் முதன்முதலாக அறிவியல் முறையில் விவரித்த பவானியா ஆஸ்ட்ராலிஸ் என்னும் மீன் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலேயே வாழ்வதால், அதற்குக் கேடு நேராதிருக்க, வாங்கிய மீனை எந்த ஓடையிலும் விடக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் அவர் சொல்லியே அனுப்புகிறார்.