வாம்! ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’ 4கே: பனியில் பாட்டு எடுக்கிறவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்க்கவேண்டிய வீடியோ

டிசம்பர் பிறந்தால் கடைவீதி, லிஃப்ட், வானொலி என்று எங்கும் ஒலிக்கிற பாட்டு என்பதால், ஜார்ஜ் மைக்கேலும் ஆண்ட்ரூ ரிட்ஜ்லியும் சேர்ந்த பிரிட்டிஷ் பாப் குழு வாம்! 1984-ல் வெளியிட்ட ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’ வீடியோவைப் பெரும்பாலானவர்கள் காதால்தான் பார்த்திருக்கிறார்கள். 2019 டிசம்பரில் அதன் 35 எம்.எம். ஃபிலிமிலிருந்து 4கே தரத்தில் புதுப்பித்து யூடியூபில் ஏற்றினார்கள். பாட்டுக்காக அல்ல, படப்பிடிப்புக்காக ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பனிக்கால பாப் வீடியோ என்றால் இன்னும் இதைத் தாண்டி யாரும் பெரிதாகப் போய்விடவில்லை.

முதலில், இந்தப் புதுப்பிப்பு எதற்கு என்பது. எண்பதுகளின் பாப் வீடியோக்கள் பலவும் ஃபிலிமில் எடுத்து, வீடியோ டேப்பில் வெட்டி ஒட்டப்பட்டவை. ஐரோப்பிய டி.வி. முறையான ‘பால்’ (PAL) டேப்பில் படத்துக்குக் கிடைப்பது 576 கோடுகள். மற்ற காட்சிகளுக்கு அது போதும், பனிக்குப் போதாது. கலர் நெகடிவ் ஃபிலிம் வெளிச்சத்தைத் தாராளமாகத் தாங்கும். சரியான அளவைவிட மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூடிப்போனாலும் வெள்ளையில் விவரம் மிஞ்சியிருக்கும். டேப்புக்கு அந்தப் பொறுமை கிடையாது; ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாம் ஒரே வெள்ளை. அதனால் பழைய பிரதியில் பனிமேடு வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. புதிய பதிப்பில் பனியின் மேடு பள்ளம், காலடிக் குழியின் நிழல், ஸ்வெட்டரின் பின்னல் எல்லாம் திரும்பி வந்திருக்கின்றன. நெகடிவில் முப்பத்தைந்து வருஷம் இருந்ததுதான். யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

இயக்கியவர் ஆண்டி மொராஹன். பின்னாளில் கன்ஸ் அண்ட் ரோசஸின் ‘நவம்பர் ரெய்ன்’ வீடியோவும் இவர் கைவண்ணமே. எடுத்த இடம் சுவிட்சர்லாந்தின் வாலே மாகாணத்தில் உள்ள சாஸ்-ஃபே. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம், சுற்றிலும் 4,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள். ஊருக்குள் கார் கிடையாது. வாசலிலேயே நிறுத்திவிட்டு மின்வண்டியிலோ நடந்தோ போகவேண்டும். சுற்றுலாப் பயணிக்கு இது அழகு. படக்குழுவுக்கு, ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு பெட்டியும் கைமாறிப் போகவேண்டும் என்று அர்த்தம். பின்னணியில் டயர் தடம் விழாது என்கிற லாபமும் அதிலேயே இருக்கிறது.

கதை தெரிந்ததுதான். நண்பர்கள் கூட்டம் ரோப் காரில் வந்து இறங்குகிறது. போன வருஷம் ஜார்ஜ் மைக்கேல் காதலித்த பெண் இந்த வருஷம் ஆண்ட்ரூ ரிட்ஜ்லியின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். ஜார்ஜ் அவளுக்குக் கொடுத்த ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் அலங்கார ஊசி) இப்போது ஆண்ட்ரூவின் உடையில். டேப் பிரதியில் அது ஒரு மினுங்கல் மட்டுமே. முன்கதையில் ஜார்ஜ் அதைக் கொடுக்கும் இடம் வரும்வரை புரியாது. 4கே-யில் முதல் காட்சியிலிருந்தே தெரிகிறது, கதையே கொஞ்சம் கூர்மையாகிவிடுகிறது. அந்தப் பெண்ணாக மாடல் கேத்தி ஹில். உடன் வருகிறவர்களில் வாம்!-இன் பின்னணிப் பாடகிகள் பெப்ஸி, ஷெர்லி, ஸ்பாண்டவ் பாலே குழுவின் மார்ட்டின் கெம்ப் ஆகியோரை அடையாளம் காணலாம்.

இந்த வீடியோவின் பெரிய கெட்டிக்காரத்தனம், வெளியே யாரையும் பாடவிடாதது. குளிரில் மனிதர்களுக்குக் கொடுத்திருக்கும் வேலையெல்லாம் உடம்பு வேலை: நடப்பது, பெட்டி தூக்குவது, பனி உருண்டை எறிவது, விழுந்து எழுவது. முகம் நடிக்கவேண்டிய இடங்களில் பெரும்பாலானவை மரவீட்டுக்குள்ளே. மரத்தை அலங்கரிக்கும்போது ஒரு பார்வை, சாப்பாட்டு மேஜையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு பார்வை. உள்ளே மஞ்சள், வெளியே நீலம். பனி நிலத்தில் நிழலின் நிற வெப்பம் (எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்) 7,000 கெல்வினைத் தாண்டி எளிதாகப் போகும். வீட்டு விளக்கோ 3,200-க்குக் கீழே. இந்த இரண்டையும் சமன்செய்து ஒரே நிறமாக்கியிருந்தால், ஜார்ஜ் வெளியே நிற்பதற்கும் உள்ளே உட்கார்ந்திருப்பதற்கும் வித்தியாசமே இருந்திருக்காது.

குளிரில் பாடவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து ராக் குழு யூ2-வின் ‘நியூ இயர்ஸ் டே’ சாட்சி. 1982 டிசம்பரில் ஸ்வீடனின் சேலனில், மையர்ட் ஏவிஸ் இயக்கத்தில் எடுத்தது. பாடகர் போனோ தலையில் தொப்பி போட மறுத்துவிட்டார். உறைகிற குளிரில் உதடு மரத்துப்போய், பாட்டுக்கு வாயசைப்பதே பாடாகிவிட்டது. வீடியோவில் அது தெரியும். வரிகள் தாடையிலிருந்து வருகின்றன, உதட்டிலிருந்து அல்ல. குதிரைமேல் பனிக்காட்டைக் கடந்து போகும் நான்கு பேர் யூ2 என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பின்னாளில் குழுவின் கிட்டார் கலைஞர் தி எட்ஜ் உண்மையைச் சொன்னார். முந்தைய நாள் குளிரில் குழுவினர் உறைந்துபோனதால், முகத்தை மறைத்துக்கொண்டு சவாரி செய்தவர்கள் நான்கு ஸ்வீடன் பதின்வயதுப் பெண்கள். தெரிந்தபிறகு பார்த்தாலும் காட்சி நிற்கிறது. தூரத்து ஷாட்டில், பனியில், முகமூடி போட்ட ஆள் யாராக இருந்தாலும் ஒன்றுதான். போலந்தின் சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கத்தை நினைத்து எழுதிய பாட்டு என்பதால், இடையிடையே இரண்டாம் உலகப்போரின் பனிக்காலப் போர்முனைக் காட்சிகளை வெட்டிச் சேர்த்திருக்கிறார்கள். இது அலங்காரத்துக்கான பனி அல்ல, அதனால் கரடுமுரடு உறுத்துவதில்லை.

உதடு மரத்துப்போகும் பிரச்சினை ஸ்லோ மோஷனில் இரட்டிப்பாகும். நொடிக்கு 25 பிரேமில் ஓடப்போகிற வீடியோவை 50 பிரேமில் எடுத்தால், பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டுத்தான் வாயசைக்கவேண்டும். சாதாரணமாகவே நாக்கு புரளும். பூஜ்யத்துக்குக் கீழே, கேட்கவே வேண்டாம். டேக்குகளுக்கு நடுவே வெந்நீர், கழுத்தைச் சுற்றிக் கம்பளி, உதட்டில் வாசலின். நெருக்க ஷாட்டுகளை நாளின் முதலில் முடித்துவிடுவது. வேறு மருந்து இல்லை.

மூச்சுப் புகை விஷயம் வேறு. குளிர் நிஜம் என்று பார்வையாளரை நம்பவைப்பது அதுதான். ஆனால் வெள்ளைப் பின்னணியில் வெள்ளைப் புகை தெரியாது. பின்னால் இருண்ட மரக்கூட்டம், எதிர்ப்பக்கத்திலிருந்து வெளிச்சம், இரண்டும் சேர்ந்தால்தான் துலங்கும். விழுகிற பனிக்கும் இதே விதி. புகை வேண்டாம் என்றால் ஷாட்டுக்கு முன் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்வார்கள். வாயும் வெளிக்காற்றும் ஒரே குளிரானால் புகை எழாது. பாடகரிடம் இதைச் சொல்லிப் பார்க்க தைரியம் வேண்டும்.

பனியில் எடுக்கும் வீடியோக்களில் பாதிக்குமேல் தோற்பது எக்ஸ்போஷரில், அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவில். கேமராவின் மீட்டர் தன்முன் இருப்பதைச் சராசரிச் சாம்பலாக, அதாவது 18 சதவீதம் ஒளியைத் திருப்பும் பரப்பாக, எடுத்துக்கொள்கிறது. புதுப்பனி திருப்புவது 80 சதவீதத்துக்கு மேல். மீட்டர் சொன்னபடி விட்டால் பனி அழுக்குச் சாம்பலாகும், முகம் கரியாகும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் திறக்கவேண்டும். டிஜிட்டலில் அதையும் கண்மூடித்தனமாகச் செய்தால் பனி வெளுத்துப் போய்விடும். ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கிற ஸ்பாட் மீட்டரில் முகத்தை அளந்து, பனிக்கு ஜீப்ராவை (வெளிச்சம் மிகும் இடத்தில் திரையில் கோடு காட்டும் வசதி) 95-ல் வைத்துக்கொண்டு, கோடு படரத் தொடங்குகிற இடத்தில் நிறுத்துவதுதான் பாதுகாப்பு. மாநிறம், கருநிறத் தோல் என்றால் முகத்துக்கும் பனிக்கும் இடைவெளி இன்னும் கூடும்; ஒரு வெள்ளை போர்டைப் பிடித்து முகத்துக்கு ஒளி திருப்பாமல் முடியாது. தரையிலிருக்கும் பனியே பாதி வேலையைச் செய்து தாடைக்கடியில் நிழலை அழித்துவிடும். வாம்! வீடியோவில் எல்லார் முகமும் அவ்வளவு பளிச்சென்று இருப்பதற்கு மேக்கப் மட்டும் காரணமல்ல.

அடுத்தது காலடி. மிதிக்காத பனியில் ஒரு டேக்தான். இரண்டாவது டேக்குக்கு ஆள் திரும்பி வந்தால் தடம் காட்டிக்கொடுக்கும். அகல ஷாட்டை முதலில் எடுப்பது, குழு முழுவதும் கேமராவுக்குப் பின்னால் ஒரே பாதையில் போய்வருவது, அடுத்தடுத்த டேக்குக்கு நாலைந்து மீட்டர் தள்ளிப் புதுத் தடம் கொடுப்பது என்பதெல்லாம் எழுதாத சட்டம். கூட்டமாக ஓடி, உருண்டு, பனியைக் கலைக்கிற காட்சிகளை ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’ நம்பியிருப்பதில் இன்னொரு வசதி: கலைந்த பனியில் கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் பொருந்துகிறதா என்று, பார்க்க ஆள் தேவையில்லை.

கருவிகள் பற்றிச் சுருக்கமாக. பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். மாற்று பேட்டரிகளைச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைக்கவேண்டும். ஃபிலிம் விறைத்து ஒடியும், வேகமாக ஓட்டினால் நிலைமின்சாரம் பொறித்து மின்னல் கோடு போடும். வெளியிலிருந்து சூடான அறைக்குள் கேமராவை அப்படியே கொண்டுவந்தால் லென்ஸுக்குள் வரை வியர்த்துவிடும். வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, உள்ளே வந்து அறைச் சூட்டுக்குப் பழகும்வரை திறக்கக்கூடாது. வெளியும் உள்ளும் மாறி மாறி எடுக்கிற கதை என்றால் இரண்டு கேமரா உடல்கள் வைத்துக்கொள்வது மேல்.

இதே அச்சில் வந்த பிந்தைய வீடியோ எட் ஷீரனின் ‘பர்ஃபெக்ட்’, 2017. ஜேசன் கோனிக் இயக்கம், ஆஸ்திரியாவின் ஹின்டர்டக்ஸ், கதாநாயகி ஸோயி டட்ச். நண்பர்கள், பனிச்சறுக்கு, மரவீடு எல்லாம் உண்டு. ஒளிப்பதிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை; அதுதான் குறையும். சுற்றுலாத் துறை விளம்பரத்துக்கும் இதற்கும் நடுவே ப்ரூச் மாதிரி ஒரு முள் இல்லை. மரியா கேரியின் 1994 கிறிஸ்மஸ் வீடியோ நேர் எதிர்த் திசை. வீட்டுப் படம் போல சூப்பர் 8-ல் எடுத்தது. பனி வெளுத்தாலும் நினைவு மங்கியதுபோல ஆகிவிடுகிறது. கையில் பணம் குறைவு என்றால் இந்த வழியைப் பாருங்கள்.

நம் சினிமாப் பாட்டுகளை இங்கே ஒரு வரி சொல்லாமல் போகமுடியவில்லை. அதே சுவிஸ் மலைகளில், நாயகனுக்கு ஜாக்கெட்டும் நாயகிக்கு மெல்லிய சேலையும் கொடுத்து, அகல ஷாட்டில் சிரித்துக்கொண்டே ஓடச்சொன்ன பாட்டுகள் எத்தனை! நெருக்க ஷாட்டில் தோள் இறுகியிருப்பதை எந்த நடனமும் மறைக்காது. வாம்! கூட்டத்துக்குக் கம்பளிக் கோட்டும் ஸ்கார்ஃபும் கொடுத்ததால் உடம்பு தளர்வாக இருக்கிறது. தளர்வாக இருப்பதால் விளையாட்டு விளையாட்டாகத் தெரிகிறது.

வரவேற்பு விசித்திரமானது. 1984-ல் பிரிட்டனில் பத்து லட்சத்துக்குமேல் விற்றும் இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை. முதலிடத்தில் நின்றது எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பலரும் சேர்ந்து பாடிய பேண்ட் எய்ட் பாட்டு. அதில் ஜார்ஜின் குரலும் உண்டு. வாம்! தன் ராயல்டியையும் அதே நிவாரணத்துக்குக் கொடுத்தது. 2014-லிருந்து பிரிட்டிஷ் தரவரிசையில் ஸ்ட்ரீமிங்கையும் கணக்கில் எடுக்கத் தொடங்கியதும் பழைய கிறிஸ்மஸ் பாட்டுகள் ஆண்டுதோறும் மேலேறின. 2021 ஜனவரி 1-ல் இது முதலிடம் பிடித்தது. 2023-ல் கிறிஸ்மஸ் வார முதலிடம், 2024-ல் மறுபடியும். ஒரே பாட்டு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் அந்த இடத்தில் நின்றது அதுவே முதல்முறை. பார்க்க ஜார்ஜ் இல்லை; 2016-ல், கிறிஸ்மஸ் அன்றே காலமானார். இன்னொரு பக்கம், டிசம்பர் 24 முடியும்வரை இந்தப் பாட்டைக் காதில் விழாமல் தப்பிக்கவேண்டும் என்று ‘வாமகெடான்’ என்றொரு விளையாட்டும் நடக்கிறது. மற்றவர்கள் பாடிய வடிவங்கள் கணக்கில் வராது. அசல் விழுந்தால் அவுட்.

பார்க்கும் முறை பற்றிக் கடைசியாக. யூடியூபில் தானாகத் தேர்ந்துகொள்ளும் தரத்தை நம்பாதீர்கள். பறக்கும் பனியும் ஃபிலிம் துகளும் ஒவ்வொரு பிரேமிலும் மாறிக்கொண்டே இருப்பவை. முந்தைய பிரேமோடு ஒப்பிட்டுச் சுருக்கும் முறைக்கு அவைதான் பரம எதிரி. பிட்ரேட் (நொடிக்கு வந்துசேரும் தரவின் அளவு) குறைந்தால் முதலில் கட்டம் கட்டமாகச் சிதைவது பனிதான். உங்கள் திரை 1080 ஆக இருந்தாலும் 2160-ஐ (4கே) தேர்ந்தெடுங்கள். அதிகப் பிட்ரேட்டின் பலன் சின்னத் திரையிலும் தெரியும். டி.வி.யில் ‘விவிட்’ மோடை மாற்றி ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ மோடில் வையுங்கள். விவிட், வெள்ளையை ஏற்றி நீலத்தைத் தூவி, புதுப்பித்தவர்கள் மீட்ட விவரத்தை மறுபடி அழித்துவிடும். அசைவை மழமழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஜார்ஜின் தலைமுடியைச் சுற்றி ஒரு பிசிறு வளையம் ஓடிக்கொண்டே இருக்கும், அந்தத் தலைமுடியின் அளவுக்கு அது கொஞ்சநஞ்சமாகவும் இராது.