பழைய சோனகத் தெருவருகே ஒரு சாணைக் கடை

அப்பாவின் புல்லரிவாளையும் இரண்டு உளிகளையும் கொழும்பு பழைய சோனகத் தெருவை அண்டிய ஒரு சிறு சாணைக் கடையில் தீட்டி வாங்கினேன். மின்சாணையில் அழுத்தித் தேய்த்தால் உருக்கு ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் நீலம் பாய்ந்து, கொல்லர் ஏற்றிய பதம், அதாவது கடினத்தன்மை, இறங்கி, பதம் இழந்த அந்தப் பகுதி தேய்ந்து நீங்கும்வரை கூர் நிற்பதில்லை; இதை நன்கறிந்த அந்த முதியவர் அலகை அடிக்கடி தண்ணீரில் தோய்த்து, உளியை 25 பாகைச் சாய்வில் பிடித்து, கடைசியில் எண்ணெய்க் கல்லில் கையாலேயே பிசிறு நீக்கினார். அரிவாளின் உள்வளைவுக்கு அரைவட்ட அரத்தையே எடுத்தார். அந்தக் கவனம் என்னை நெகிழ வைத்தது. ஆட்டங்கண்ட பிடியை இறுக்கித் தராதது குறைதான். கொழும்பின் உப்புக்காற்றில் துரு விரைவில் ஏறுமாதலால், துடைத்து எண்ணெய் பூசியே கொடுத்தார்.