வீட்டு கராஜுக்கு எது: எம்ஜிபியா, முதல் தலைமுறை எம்எக்ஸ்-5ஆ?

பழைய கார் ஒன்றை வாங்கி வீட்டிலேயே சரிசெய்து ஓட்ட நினைப்பவருக்கு வரும் கேள்வி இது. இரண்டுமே கூரை திறக்கும், இருவர் உட்காரும் கார்கள். பிரிட்டனின் எம்ஜி தயாரித்த எம்ஜிபி 1962 முதல் 1980 வரை வந்தது. மாஸ்டா எம்எக்ஸ்-5 அறிமுகமானது 1989இல்.

எஞ்சின் வேலைக்கு எம்ஜிபி சுகம். 1,798 சிசி எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய இடம் தாராளம். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டரைச் சீராக்கக் கொஞ்சம் பொறுமையும் நல்ல காதும் போதும். எம்எக்ஸ்-5இல் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டையும் ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினால் பெரும்பாலும் பேசாமல் ஓடும். 1.6 லிட்டர் எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது என்பது ஓர் ஆறுதல்.

உண்மையான சண்டை துருவோடுதான். எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. நிலையான கூரையும் இல்லாததால் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ (sill) என்ற தகரப் பெட்டிதான் முதுகெலும்பு. கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வெல்ட் செய்து முட்டுக்கொடுக்காமல், துருப்பிடித்த சில்லை மாற்ற அறுத்தால் பாடி நடுவில் தொய்ந்துவிடும். அப்புறம் கதவு சாத்தாது. எம்எக்ஸ்-5இல் துரு கள்ளத்தனமாக வரும். சீட்டுக்குப் பின்னால் உள்ள மழைநீர்த் துளையில் சருகு அடைத்துக்கொள்ளும். தண்ணீர் சில்லுக்குள் இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ளிருந்தே அரிக்கும். அங்கே பெயின்ட் லேசாகக் கொப்பளித்திருந்தால் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். சில சமயம் நேராக உள்ளே போய்விடும்.

வெல்டிங் பழக ஆசையா? சரி, எம்ஜிபி. எனக்கு ஓட்டத்தான் ஆசை, அதனால் எம்எக்ஸ்-5. வாங்கியதும் முதல் வேலை, அந்தத் துளையைச் சுத்தம் செய்வது.