குண்டு பட்டது ஓரிடம், ஓட்டை விழுந்தது வேறிடம்

ஒரு போர்விமான சிமுலேட்டர் விளையாட்டுக்கு விலை குறைத்திருக்கிறார்களாம். "நீ வருஷக்கணக்கா ஆடுற ஆளு, சொல்லு, வாங்கலாமா? அடிபட்ட விமானமெல்லாம் அச்சு அசல் நிஜம் மாதிரி இருக்குன்னு சொல்றாங்களே" என்று நண்பர் கேட்டார். அவருக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டதால் பொதுவிலேயே போடுகிறேன். எந்த சிமுலேட்டர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் மேற்கொண்டு படிக்காமலே சண்டைக்கு வருவார்கள். இரண்டாம் உலகப்போர் விமானங்கள், ஜாய்ஸ்டிக், பெடல். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதலில் எண்ணெய். இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் அந்த நிறுவனத்துக்குக் கும்பிடு போடலாம். குண்டுவீச்சு விமானத்தின் பின்னால் போய், அதன் வால் துப்பாக்கிக்காரனிடம் நாலு அடி வாங்கிக்கொண்டு விலகுகிறோம். எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து ஆயில் பிரஷர் முள் சோம்பலாகக் கீழே இறங்கும். அப்புறம் முன்கண்ணாடியின் அடி விளிம்பில் பழுப்பாக ஒரு கோடு. அது இரண்டாகிப் பரவி மேலே ஏறும். குறிபார்க்கும் வட்டம் மங்கும், எதிரே அடிவானம் மறையும். மேல்மூடியைத் திறந்து, தலையைப் பக்கவாட்டில் நீட்டி, ஓடுதளத்தைத் தேடித் தேடி இறங்க வேண்டும். இத்தனை காலம் ஆடியும் இது எனக்கு அலுக்கவில்லை. வேகத்துக்கு ஏற்ப எண்ணெய் வழியும் திசைகூட மாறுகிறது. யாரோ ஒருவர் இதற்காக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

புகையும் அப்படித்தான். ரேடியேட்டரில் அடிபட்டால் வெள்ளையாக நீராவி, எண்ணெய் எரிந்தால் கறுப்பு, டாங்க் ஓட்டையானால் இறக்கையிலிருந்து மெல்லிய வெண்கோடு. திரவத்தால் குளிரூட்டும் எஞ்சின் என்றால் ரேடியேட்டரில் ஒரு சின்னத் தோட்டா போதும், சில நிமிடங்களில் எஞ்சின் இறுகிவிடும். எதிரி வெள்ளைக்கோடு இழுத்துக்கொண்டு கடல் பக்கம் ஓடினால் துரத்தத் தேவையே இல்லை. அமெரிக்கப் போர்விமானமான பி-47ன் 18 சிலிண்டர் எஞ்சினோ காற்றால் குளிர்வது. அதற்கு இந்தப் பலவீனம் கிடையாது. தானாக அடைத்துக்கொள்ளும் டாங்க் உள்ள விமானங்களில், பெட்ரோல் பட்டு ரப்பர் உப்ப உப்ப, கசிவுக்கோடு மெலிந்து நின்றேபோகிறது. ஜப்பானியரின் ஆரம்பகால ஜீரோ விமானத்தில் அந்த வசதி இல்லை என்பதால் அது நிற்பதும் இல்லை. இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள்தான் ஓட்டை விஷயத்தில் இப்படிக் கைவிட்டிருக்கிறார்கள்.

இனி என் எரிச்சல். விமானத்தின் தோலில் விழும் ஓட்டைகள் நிஜத்தில் குண்டு பட்ட இடத்தில் விழுவதில்லை. இறக்கையைச் சில துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் லேசான அடி, நடுத்தர அடி, பலத்த அடி என்று முன்கூட்டியே டெக்ஸ்ச்சர் வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டில் எங்கே பட்டாலும் அதே படம்தான் மேலே ஒட்டப்படும். இறக்கையின் அடிப்பகுதியில் ஒரே ஒரு தோட்டா பட்டால், ஒரு முழம் தள்ளி ஐந்தாறு ஓட்டைகள் கொத்தாகத் தோன்றும். பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இடது இறக்கையில், வட்டச் சின்னத்தின் விளிம்பை ஒட்டி ஓர் ஓட்டை. யார் சுட்டாலும், எந்தக் கோணத்தில் சுட்டாலும், அது அங்கேதான் விழும். கண்ணை மூடிக்கொண்டு அதை என்னால் வரைந்து காட்ட முடியும்.

தோட்டா எந்த வகை என்பதும் அதற்குப் பொருட்டில்லை. பிரிட்டிஷ் .303 தோட்டா தகட்டைத் துளைத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். ஜெர்மானியரின் 20 மி.மீ. மைன் குண்டு வேறு ரகம்: சுவர் மெல்லியது, உள்ளே வெடிமருந்து அதிகம். அது உள்ளே போய் வெடித்துத் தகட்டை வெளிப்பக்கமாகப் பிய்த்தெறியும். அவர்களுடைய 30 மி.மீ. எம்.கே. 108 பீரங்கி என்றால் சராசரியாக நான்கு குண்டில் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானமே விழுந்துவிடும் என்பது ஜெர்மானியர் போட்ட கணக்கு. இங்கே மூன்றுக்கும் ஒரே கிழிந்த வட்டம்!

பிரிட்டிஷ் போர்விமானமான ஹரிக்கேனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். அதன் பின்னுடல் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. பல குண்டுகள் வெடிக்காமலே துணியைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். தரைப் பணியாளர்கள் துணி ஒட்டுப்போட்டு மறுபடி அனுப்பிவிடுவார்கள். இந்த சிமுலேட்டரில் அந்தத் துணி கிழிந்தால் ஓரத்தில் பளபளவென்று அலுமினியம் தெரிகிறது. துணிக்கு ஏதய்யா அலுமினிய விளிம்பு?

அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு ஹரிக்கேனின் எட்டு பிரவுனிங் துப்பாக்கிகள் சேர்ந்து விநாடிக்குச் சுமார் 150 தோட்டாக்களைக் கக்கும். முப்பது நாற்பது பேர் பறக்கும் சர்வரில், ஒவ்வொரு தோட்டாவும் எங்கே பட்டது என்பதை எல்லோருடைய கணினிக்கும் அனுப்பி, அங்கே ஓட்டை வரைந்து, திரையில் படம் ஓடும் வேகமான ஃபிரேம் ரேட்டும் குறையாமல் பார்த்துக்கொள்வது சின்ன வேலை இல்லை. ஆனால் முடியாத வேலையும் இல்லை. இல்-2 கிரேட் பேட்டில்ஸ் என்ற இன்னொரு சிமுலேட்டர் தொடரில் பட்ட இடத்திலேயே ஓட்டை விழும் முறையைப் பிந்தைய அப்டேட் ஒன்றில் கொண்டுவந்தார்கள்.

"ஓட்டை எங்கே இருந்தால் என்ன, உள்ளே கணக்கு சரியாகத்தானே நடக்கிறது" என்பார்கள். நடக்கிறது. இறக்கையைத் தாங்கும் உத்தரமான ஸ்பார் எவ்வளவு பலவீனமானது, கேபிள் அறுந்ததா என்பதையெல்லாம் தனியாகவே கணக்கிடுகிறார்கள். சல்லடையான விமானம் பறக்கலாமா என்று நான் கேட்கவும் இல்லை. 1943 ஜூன் 26 அன்று அமெரிக்க விமானி ராபர்ட் ஜான்சனின் பி-47 இருநூறுக்கும் மேற்பட்ட ஓட்டைகளோடு இங்கிலாந்து திரும்பியது. அதே ஆண்டு பிப்ரவரி 1 அன்று துனிசியா வானில் 'ஆல் அமெரிக்கன்' என்ற பி-17 குண்டுவீச்சு விமானத்தின் மீது ஜெர்மானியப் போர்விமானம் மோதி, வால் அறுந்து தொங்காத குறையாக இருந்தும் அது தளத்தில் வந்து இறங்கியது. விமானங்கள் கெட்டிதான்.

என் சிக்கல் கண்ணோடு. சண்டையில் இன்னொரு முறை சுடுவதா, விட்டுவிட்டு அடுத்தவனிடம் போவதா என்பதை இரண்டு விநாடியில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு என்னிடம் இருப்பது எதிரி விமானத்தின் தோற்றம் மட்டுமே. அந்தத் தோற்றமே பொய் சொன்னால்? நேற்று இரவு ஒரு ஜெர்மானிய 109 போர்விமானத்தின் வலது இறக்கையில் நீளமாக ஒரு சரம் இறக்கினேன். பளபளவென்று புதுசாகத்தான் தெரிந்தது. தப்பிவிட்டான் என்று நினைத்து மேலே இழுக்கும்போது, அவன் ஒரு திருப்பம் எடுத்ததும் அதே இறக்கை முறிந்து விழுந்தது. நான் சுட்டதுதான் முறித்தது, சந்தோஷம்தான். ஆனால் அடுத்தவன் உடம்பெல்லாம் ஓட்டையாக, செத்த பிணம் போல என் முன்னால் மிதந்தான். அவனை விட்டுவிட்டுத் திரும்பினேன். அவன் பின்னாலேயே வந்து என்னைச் சுட்டு வீழ்த்தினான். ரீப்ளே போட்டுப் பார்த்தால் அவன் இறக்கையிலும் அதே பழைய கொத்து ஓட்டைகள். யாரோ எங்கோ போகிற போக்கில் உரசிவிட்ட ஒன்றிரண்டு தோட்டா போலிருக்கிறது.

எண்ணெய்க்குப் பத்துக்குப் பத்து, புகைக்கு ஒன்பது, எஞ்சின் கணக்குக்கு எட்டு கொடுப்பேன். கூட்டிப் பார்த்தால் நல்ல மதிப்பெண்தான். இருந்தாலும் மல்டிபிளேயருக்காக என்றால் இப்போதைக்கு வாங்காதீர்கள். விலை பாதியானாலும், கால்வாசியானாலும் சரி. தனியாக, கணினி ஓட்டும் விமானங்களோடு மோதிப் பார்க்கிற ஆசை மட்டும்தான் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஹரிக்கேனை மட்டும் வெளிக் கேமராவில் பார்க்க வேண்டாம்.