பிக்அப் அடிப்பாகத்துக்கு எண்ணெயா, ரப்பர்ப் பூச்சா?

கனடாவின் ஒன்ராறியோவில் பனிக்காலம் தொடங்கினால் உப்பு லொறிகள் தெருவுக்கு வந்துவிடும். ஹூரோன் ஏரிக்கு அடியில், கோட்ரிச் (Goderich) என்ற ஊரின் சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் கல்லுப்பும் அதோடு தெளிக்கும் உப்புக்கரைசலும் வசந்தம் வரை வண்டியின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கறள் பிடிக்காமல் காக்க ரப்பர்ப் பூச்சு, எண்ணெய்த் தெளிப்பு, மின்னோட்டத்தால் கறளைத் தடுக்கும் என்று சொல்லும் மின்கருவி என்று மூன்றை விற்கிறார்கள்.

மின்கருவியை இப்போதே தள்ளிவிடலாம். கப்பலையும் புதைத்த குழாயையும் மின்னோட்டம் காப்பது உண்மைதான். அவை தண்ணீரிலோ ஈரமண்ணிலோ கிடப்பதால் மின்சுற்று முழுமையாகிறது. காற்றில் ஓடும் வண்டிக்கு அப்படி முழுமையாகும் சுற்று இல்லை.

ரப்பர்ப் பூச்சு பார்க்க அழகு. புது வண்டியின் சுத்தமான இரும்பில், முக்கியமாகச் சக்கர வளைவுகளில், தெறிக்கும் கல்லை நன்றாகத் தாங்கும். ஆனால் சில பனிக்காலங்களில் இறுகி வெடித்துவிடும். வெடிப்புக்குள் போன உப்புத்தண்ணீர் வெளியே வராது. நான் முதலில் வாங்கிய பழைய பிக்அப்பின் அடிப்பக்கம் புதுக் கறுப்புப் பூச்சோடு பளபளத்தது. மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் தட்டினார், அது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான பிரேமுக்குள்ளேயே இறங்கிவிட்டது. அன்றிலிருந்து பழைய வண்டியில் கறுப்புப் பூச்சைக் கண்டால் எனக்குப் பயம்தான்.

இன்னொன்று, பெட்டிபோல மூடிய பிரேம் உள்ளிருந்தும் அரிக்கும். 1995 முதல் 2000 வரையான டகோமா பிக்அப்களின் பிரேம்கள் துளைவிழ அரித்ததால், 2008இல் டொயோட்டா அமெரிக்காவில் அவற்றின் பிரேம் உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டியது. வெளியே எவ்வளவு தடிப்பாகப் பூசினாலும் அந்த உட்புறத்துக்கு என்ன பயன்?

அங்கேதான் எண்ணெய் வெல்கிறது. குறோன், ரஸ்ட் செக் போன்ற கடைகளில் தெளிக்கும் மெல்லிய எண்ணெய், பொருத்துகளுக்குள்ளும் பிரேமுக்குள்ளும் ஊர்ந்து போகும். காயாததால் வெடிக்காது. ஏற்கெனவே கறள் பிடித்த இடத்திலும் ஊறி, அரிப்பை மெதுவாக்கும். கழுவுப்பட்டுப் போவதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும், அதுதான் குறை. ஓரிரண்டு நாள் சொட்டும், அதனால் கல் பதித்த டிரைவ்வேயில் நிறுத்தாதீர்கள்.

ஆட்டுமயிரில் இருந்து எடுக்கும் லானோலின் என்ற மெழுகுப் பசை கலந்த ஃபுளூயிட் ஃபிலிம் என்ற தெளிப்பு இன்னும் தடிப்பு. நாமே அடிக்கலாம். தண்ணீர் நேரே அடிக்கும் இடங்களில் மெல்லிய எண்ணெயைவிட நிலைக்கும். கொஞ்ச நாளைக்கு ஆட்டு வாடை வரும், சரி, பொறுத்துக்கொள்ளலாம். நான் பிரேமுக்குள்ளும் கதவுகளுக்குள்ளும் மெல்லிய எண்ணெய், வெளிப்பிரேமிலும் பிரேக் குழாய்களிலும் லானோலின் என்று இரண்டையும் சேர்த்து அடிக்கிறேன்.

செப்டெம்பர், ஒக்டோபரில், குளிர் இறுக முன் அடியுங்கள். அடிப்பாகத்தைக் கழுவி நன்றாகக் காயவிட்ட பிறகுதான் அடிக்க வேண்டும். பிரேக் டிஸ்க்கில் ஒரு துளிகூடப் படக்கூடாது. கடையில் அடிப்பித்தாலும் சக்கரத்தை மூடிவிட்டுத்தான் தெளிக்கிறார்களா என்று நின்று பாருங்கள்.